பிக்கப் குடிக்கும் டீசல் எங்கே போகிறது?



2024ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் தேதியை டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குத் தாவியது அன்றுதான். ஒரே இரவில் லிட்டருக்கு 1 வெள்ளி 20 காசு கூடுதல். தகுதியுள்ள தனியார் வண்டி உரிமையாளர்களுக்கு 'புடி மடானி' திட்டத்தின் கீழ் மாதம் 200 வெள்ளி கிடைக்கும் என்றும் அரசாங்கம் அறிவித்தது.

அந்த 200 வெள்ளி யாருக்குப் போதுமானது? கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடும் பிக்கப், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்தால் சுமார் 167 லிட்டர் பிடிக்கும். விலை ஏற்றத்தால் வரும் கூடுதல் செலவு 200 வெள்ளி. சரியாகப் போயிற்று. அதே வண்டி 9 கிலோமீட்டர்தான் கொடுக்கிறது என்றால் 222 லிட்டர் வேண்டும். உதவித் தொகை போக இன்னும் 66 வெள்ளி கைக்காசிலிருந்து போகும். 12க்கும் 9க்கும் இடையிலான 55 லிட்டரை அன்றைய விலையில் பெருக்கினால் மாதம் சுமார் 184 வெள்ளி. ஒரு பிள்ளையின் டியூஷன் கட்டணம், பஸ் கட்டணம் எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

தைப்பிங் வட்டாரத்தில் இது நிறைய குடும்பங்களின் கதை. தோட்டத்தை விட்டு வெளியே வந்த நம்மவர்கள் பலர் பழைய பிக்கப் ஒன்றை வாங்கி, புல் வெட்டும் குத்தகை, செம்பனைக் குலை ஏற்றுவது, வீடு பழுது பார்ப்பது என்று பிழைப்பை அமைத்துக்கொண்டவர்கள். அப்படி ஒருவரை வைத்துக்கொள்வோம். வீடு சிம்பாங்கில். வேலை கமுண்டிங், சங்காட் ஜெரிங், வாரத்தில் இரண்டு நாள் கோலகங்சார். டேங்கில் 60 லிட்டர் ஊற்றினால் முன்பு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி, இப்போது 540இல் நிற்கிறது.

அவருக்கு முதலில் எழுந்த சந்தேகம் வண்டியின் மேல் இல்லை. வண்டி ஓட்டும் பையன் மேல்! டீசலை உறிஞ்சி விற்கிறானோ என்ற எண்ணம். விலை ஏறிய பிறகு இந்தச் சந்தேகம் பல இடங்களில் மனக்கசப்பை உண்டாக்கியிருக்கிறது. பத்து வருடம் கூட வேலை செய்தவனிடம் ஒரு வார்த்தை தவறிக் கேட்டுவிட்டால் திரும்ப அள்ள முடியுமா? ஆகவே, கேட்பதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும்.

அளப்பதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒரே எண்ணெய் நிலையத்தில், பம்ப் தானாக நிற்கும் வரை மட்டும் ஊற்ற வேண்டும். வண்டியை ஆட்டி ஆட்டி இன்னும் இரண்டு வெள்ளிக்கு நிரப்புகிற பழக்கம் கணக்கையே கெடுத்துவிடும். மீட்டர் எண்ணையும் லிட்டரையும் எழுதி வைத்து, மூன்று டேங்க் பார்த்த பிறகே முடிவுக்கு வரலாம். ஒரு டேங்க் எதையும் நிரூபிக்காது. எவ்வளவு நேரம் எஞ்சினை ஓடவிட்டு ஏர்கோனில் காத்திருந்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். நிற்கிற பிக்கப் மணிக்கு அரை லிட்டருக்கு மேல் குடிக்கும். ஓடிய தூரமோ பூஜ்யம்!

அடுத்து டயர். நம்மவர்களுக்குப் பிக்கப் வாங்கியதும் பெரிய டயர் போட்டுப் பார்ப்பதில் ஓர் ஆசை. 17 அங்குல ரிம்மில் 265/65 அளவு டயரைக் கழற்றிவிட்டு 285/70 போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டயரின் விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 831 ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் வண்டி 7 விழுக்காடு கூடுதலாக நகரும். மீட்டருக்கு அது தெரியாது. அது சுற்றைத்தான் எண்ணுகிறது. மீட்டர் 540 காட்டினால் உண்மையில் ஓடியது 578. அதாவது, லிட்டருக்கு 9 என்று நினைத்தது 9.6. தொலைந்ததாக நினைத்த டீசலில் ஒரு பகுதி தொலையவே இல்லை. ஆனாலும் பெரிய டயர் கனம் அதிகம். சேற்றுக்கான பல் டயராக இருந்தால் தார்ச்சாலையில் உருள்வதற்கே கூடுதல் சக்தி வேண்டும். உண்மையான நட்டமும் உண்டு. கைப்பேசியில் தூரம் காட்டும் வசதியை வைத்து 50 கிலோமீட்டர் ஓட்டி, மீட்டரோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

காற்றழுத்தம் எவ்வளவு என்று ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். அதைப் பார்க்க இரண்டு நிமிடம்.

தைப்பிங் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் பெய்யும் ஊர். அந்த ஈரத்திலும் சேற்றிலும் பிரேக் பிடிக்கும் பாகங்கள் துருப்பிடித்து, காலை எடுத்த பிறகும் லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். சமதரையில் நியூட்ரலில் விட்டால் வண்டி தாராளமாக உருள்கிறதா, சட்டென்று நிற்கிறதா? அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி வந்து நிறுத்தி, நான்கு ரிம்களின் அருகில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் டீசல் அங்கே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

இனி, பலரும் யோசிக்காத ஒன்று. நம் அன்பர் பிக்கப்பைப் பட்டறைக்குக் கொண்டு போகிறார்.

"அண்ணே, இதுல தெர்மோஸ்டாட்டே இல்லையே!" என்கிறார் மெக்கானிக்.

"முன்னாடி வண்டி சூடாகுதுன்னு கழட்டிப் போட்டாங்க தம்பி. நம்ம ஊருக்கு அது எதுக்குன்னு சொன்னாங்க."

இந்தப் பேச்சைக் கேட்காத பட்டறை இந்நாட்டில் இருக்குமா? பனி பெய்யும் நாட்டுக்குத்தான் தெர்மோஸ்டாட் என்ற நம்பிக்கை. உண்மை வேறு. எஞ்சின் ஏறக்குறைய 80 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தால்தான் சரியாக வேலை செய்யும். அந்தச் சூடு வரும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுப்பதே இந்தச் சின்ன வால்வின் வேலை. அதைக் கழற்றிவிட்டால் தண்ணீர் எந்நேரமும் ஓடிக் குளிர்ந்துகொண்டே இருக்கும். எஞ்சின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று நினைத்துக் கணினி கூடுதல் டீசலைக் கொடுக்கும். எஞ்சின் ஆயிலும் கெட்டியாகவே இருக்கும். சங்காட் ஜெரிங் வரை போய் நிற்பது, மீண்டும் புறப்படுவது என்று குட்டிப் பயணமாக ஓடும் வண்டிக்கு இது பெரிய அடி. பொதுவாக, வெப்பமானி முள் வழக்கமான இடத்துக்கு வராமல் கீழேயே கிடந்தால் சந்தேகிக்கலாம். சரி, முன்பு ஏன் சூடானது? ரேடியேட்டர் அடைப்போ, விசிறிக் கோளாறோ இருந்திருக்கும். நோயை விட்டுவிட்டு வேறு உறுப்பை அறுத்தெறிந்த கதைதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகப் பார்க்கலாம். முடுக்கும்போது கரும்புகையும் விசில் சத்தமும் வந்தால் டர்போ குழாய் கிழிந்திருக்கலாம். இன்ஜெக்டர் தேய்ந்திருந்தாலும் புகை வரும். அதைச் சோதிக்கக் கருவி உள்ள பட்டறை வேண்டும். ஊகத்தில் நான்கையும் மாற்றினால் ஆயிரக்கணக்கில் செலவாகும். பின்கதவைத் திறந்து போட்டு ஓட்டினால் டீசல் மிச்சம் என்பது வெறும் பேச்சு. குழாயில் காந்தம் மாட்டுங்கள், டேங்கில் மாத்திரை போடுங்கள் என்பாரும் உண்டு. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களைச் சோதித்து, மிகச் சிலவற்றில்தான் சிறிதளவு பயன் கண்டது.

விரைவுச்சாலை வேகம் மட்டும் ஓட்டுபவர் காலில் இருக்கிறது. மணிக்கு 90இலிருந்து 110க்குப் போனால் காற்றுத் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். பின்னால் புல் வெட்டும் இயந்திரங்களும் மேலே இரும்புச் சட்டமும் ஏற்றிய பிக்கப்புக்கு அது இன்னும் மோசம்.

ஒன்றை மாற்றி, ஒரு டேங்க் ஓட்டிப் பார்த்து, எழுதி வைத்து, பிறகு அடுத்ததை மாற்ற வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போய்விடும். அந்த நோட்டை எழுதும் பொறுப்பை வண்டி ஓட்டும் பையனிடமே கொடுப்பது நல்லது. லிட்டர், கிலோமீட்டர், தேதி. மூன்றாவது டேங்க் முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து பார்க்கட்டும்.