காத்திருக்கட்டும் நாடகம்!

நான் தென்காசியிலிருந்து வந்திருக்கேன். டிவி நிகழ்ச்சியைப் பதிந்து வைத்துப் பிறகு பார்க்கிற பெட்டி குடும்பத்துக்கு வரமே என்று பேச வந்திருக்கேன்.

எதிரணியில் அண்ணாச்சி ஒருத்தர் கேட்டாக: "குற்றாலச் சாரலைப் பதிவு பண்ண முடியுமா? எதையும் அந்தந்த நேரத்துல அனுபவிக்கணும்!" (கைதட்டல்) அண்ணாச்சி, என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்லிட்டீக! ஆனி, ஆடியில சாரல் விழுது. ஐந்தருவியில தண்ணி அளவா விழுற நேரம் நம்மகிட்ட சொல்லிட்டா வருது? கொஞ்சம் கூடிப்போச்சுன்னா, குளிக்கக் கூடாதுன்னு போலீஸ் விசில் ஊதிரும். அருவி நமக்காகக் காத்திருக்காது, நாடகம் காத்திருக்கும். காத்திருக்காததைத் தவற விடாம இருக்கணும்னா, காத்திருக்கக் கூடியதை நிறுத்தி வைக்கணுமா, வேண்டாமா? (கைதட்டல்)

இதில் மாயம் ஒன்றுமில்லை. வீடியோ டெக் காலத்துக் கேசட், பதிவு முடிந்தால்தான் திரும்ப ஓடும். 1999-ல் அமெரிக்காவில் டிவோ, ரீப்ளே டிவி என்ற பெட்டிகள் வந்தன. உள்ளே கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க். அது மாடித் தொட்டி மாதிரி. மேலே தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும், கீழே நாம் வேண்டியபோது குழாயைத் திறக்கலாம். அதனால்தான் ஓடுகிற நிகழ்ச்சியையே நிறுத்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து பார்க்க முடிந்தது. 2002-ல் மைக்ரோசாஃப்ட் இதே வசதியை, பாட்டு, போட்டோவோடு சேர்த்து, வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுவந்தது. 2008-ல் நம் நாட்டுக்கு டாடா ஸ்கை பிளஸ் வந்தது.

"அடுத்தவன் படைப்பைப் பதிந்து வைப்பது திருட்டல்லவா?" என்றார் இன்னொரு நண்பர். இதே கேள்வியோடு ஹாலிவுட் நிறுவனங்கள் 1976-ல் சோனி மீது வழக்குப் போட்டன. 1984-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வீட்டில் பிறகு பார்ப்பதற்காகப் பதிவது குற்றமல்ல என்று தீர்ப்புச் சொன்னது. நடுவர் அவர்களே, தீர்ப்பு ஏற்கனவே வந்தாச்சு! (சிரிப்பு)

சரி, இந்த வரம் யாருக்கு? எங்க பக்கம் பீடி சுத்துற பொம்பளைங்க ஏராளம். மடியில தட்டு, இலை வெட்டி, தூள் வச்சு, சுருட்டி, நூல் கட்டணும். கண்ணு கையில இருக்கும், காது மட்டும் டிவியில. சுத்தி முடிச்சதைக் கடையில கொண்டுபோய்க் கணக்குக் கொடுக்கணும். திரும்பி வந்தா உலை வைக்கணும். கூடத்துல எல்லாரும் நாடகம் பார்ப்பாங்க. அடுக்களையில இருக்கிறவளுக்கு வசனம் மட்டும் கேக்கும். யாரு அழுதா, எதுக்கு அழுதான்னு பிள்ளைங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கணும்! (சிரிப்பு) டிவிக்காரங்க வச்ச நேரத்துக்கு வீட்டுல எல்லாருக்கும் ஓய்வு. அவளுக்கு மட்டும் வேலை. அந்த அநியாயத்தைத் தட்டிக்கேட்ட பெட்டி இது!

"பதிந்ததைப் பார்க்கவே நேரமில்லையே" என்பீர்கள். பார்க்காததை அழிச்சிரலாம். இன்னைக்கு இந்த வேலையைச் செல்போனே செய்யுது, உண்மைதான். ஆனா அது ஆளுக்கொரு மூலையில உக்கார வைக்குது. கூடத்துப் பெட்டி அப்படியில்லை. "அம்மா வரட்டும், அப்புறம் போடுவோம்" என்று ஒரு பிள்ளை சொன்னால் போதும். வீடே அவளுக்காகக் காத்திருக்கும்.

அம்மாவுக்காக நாடகத்தைக் காக்க வைத்த பெட்டி வரமே, வரமே! (பலத்த கைதட்டல்)