நல்ல தாதி நல்ல ஆசிரியை ஆவதற்கு

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இக்கல்லூரியில் படித்த எம்மில் பலர் இன்று தாதியராகவும் குடும்பநல உத்தியோகத்தர்களாகவும் மருந்தாளர்களாகவும் பணியாற்றுகிறோம். சில ஆண்டு அனுபவம் வந்ததும், "இந்தப் பிள்ளைகளையும் பழக்கிவிடுங்கோ" என்று பயிற்சி மாணவியரை எம்மிடம் ஒப்படைக்கிறார்கள். தொழில் தெரிந்தவருக்குக் கற்பிக்கவும் தெரியும் என்பது பொதுவான எண்ணம். அது போதாது என்பதையே இன்று சொல்ல வந்தோம். கணக்குப் பாடத்தில் பிழை விட்டால் அழித்து எழுதலாம். வைத்தியசாலையில் விட்ட பிழையைச் சுமப்பவர் நோயாளர்.

குருதியமுக்கம் அளப்பதை எடுத்துக்கொள்வோம். நோயாளரை ஐந்து நிமிடம் அமைதியாக இருக்கவிட வேண்டும். புயத்தின் பருமனுக்கு ஏற்ற பட்டியைச் சுற்ற வேண்டும். கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். மணிக்கட்டு நாடி மறையும் அளவை அறிந்து, அதற்கு மேல் 30 மில்லிமீற்றர் ஏற்றி, பின் மெதுவாகக் காற்றை இறக்க வேண்டும். பழகிய கை இவற்றைத் தானாகவே செய்வதால் வாய் சொல்ல மறந்துவிடுகிறது. மறைந்து கிடக்கும் இப்படிகளை எடுத்துச் சொல்வதே முதல் திறன்.

சத்திரசிகிச்சை நிபுணர் ரொட்னி பெய்ற்றன் 1998 இல் வெளிவந்த நூலில் இதற்கு நான்கு கட்டங்களை வகுத்தார். முதலில் ஆசிரியர் பேசாமல் வழமையான வேகத்தில் செய்துகாட்டுவார். அடுத்து, ஒவ்வொரு படியாக விளக்கிச் செய்வார். மூன்றாவதாக மாணவி சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். கடைசியில் மாணவியே சொல்லிச் செய்வாள். மூன்றாவது கட்டம்தான் பெறுமதியானது. மாணவியின் பிழை நோயாளரின் உடலைத் தொடுமுன் அவள் வாயிலேயே வெளிப்பட்டுவிடும்.

அடுத்தது மொழி. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தவர். ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மாணவரைப் பயிற்றியவர். இன்றும் பாடக்குறிப்பு ஆங்கிலத்தில் இருக்கிறது. விடுதியில் படுத்திருக்கும் அம்மம்மாவோ தமிழில்தான் கேட்கிறார். "இதை அம்மம்மாவுக்கு எப்படிச் சொல்லுவீர்?" என்று மாணவியைக் கேட்டுப் பாருங்கள். விளங்கியதும் விளங்காததும் உடனே தெரிந்துவிடும்.

மூன்றாவது, திருத்தும் விதம். ஆபத்து நேரப்போகிறதென்றால் அந்த இடத்திலேயே தடுக்க வேண்டும். மற்றவற்றை நோயாளரின் முன் சொல்லாமல் தனியே அழைத்துச் சொல்லலாம். ஏச்சுக்குப் பயந்த மாணவி அடுத்த முறை தன் பிழையை மறைப்பாள். மறைத்த பிழை பற்றி எவருக்கும் தெரியாது. நோயாளருக்கு உரிய நேரத்தில் உதவவும் முடியாது.

சகோதரிகளே, இங்கும் கடல் கடந்தும் இத்துறையில் இருந்து ஓய்வுபெற்ற அக்காமார் பலர் உள்ளீர்கள். உங்கள் கைகளில் உள்ள அறிவு உங்களோடு நின்றுவிடக் கூடாது. ஊருக்கு வரும்போது ஒரு நாளையாவது பயிற்சி பெறும் எம் தங்கைமாருக்கு ஒதுக்குங்கள் என்று அன்போடு வேண்டுகிறோம்.