முதுமலை: காதுக்குத் தெரியும் காடு

திருவேற்காட்டிலிருந்து முதுமலைக்கு வழி கேட்டால் சுலபமாகச் சொல்லிவிடலாம். பூந்தமல்லியில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து மைசூரு, குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் தாண்டினால் முதுமலைக் காட்டின் தெப்பக்காடு. இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை பந்திப்பூர்ச் சாலையை அடைத்துவிடுவார்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்.

1940-ல் சரணாலயமான காடு முதுமலை. 2007-ல் புலிகள் காப்பகமானது. பரப்பு 321 சதுர கிலோமீட்டர். மேற்கே கார்குடிப் பக்கம் நல்ல மழை, நெடுநெடுவென்று தேக்கு. தென்மேற்குப் பருவமழையை நீலகிரி மறித்துக்கொள்வதால், கிழக்கே மசினகுடிப் பக்கம் முள்மரமும் புதரும்தான்.

பொழுது சாயும்போது விடுதித் திண்ணையில் பேசாமல் உட்காருங்கள். மந்திகள் ஏறிய மரத்தடியில் புள்ளிமான்கள் மேயும். மேலேயிருந்து மந்தி கடித்துப்போடும் தழையும் காயும் அவற்றுக்குத் தீனி. அதோடு காவலும் கிடைக்கிறது. கிளையிலிருந்து சிறுத்தையைப் பார்த்துவிட்ட மந்தி, இருமுவதுபோலக் 'கக், கக்' என்று கத்தும். உடனே கீழே மான்களின் தலை நிமிரும். ஒன்று முன்னங்காலால் தரையைத் தட்டும். இன்னொன்று கிறீச்சென்று குரல் கொடுக்கும். ஆனால் புள்ளிமான் சும்மா மிரண்டும் கத்தும். கடமான் அப்படியல்ல. அது கனத்த குரலில் விட்டுவிட்டுக் கத்தினால், அநேகமாகப் புலியோ சிறுத்தையோ செந்நாயோ பக்கத்தில் இருக்கிறது.

யானைக்குக் கணக்கு வேறு. மூங்கில் மடமடவென்று முறிகிறதா, நிம்மதியாகத் தின்றுகொண்டிருக்கிறது. அந்தச் சத்தம் சட்டென்று நின்றால்தான் கவனம் வேண்டும். நம் வாடை அதற்கு எட்டியிருக்கலாம்.

சென்னைவாசியான இயற்கையாளர் மா. கிருஷ்ணன் இந்தக் காட்டை நன்றாக அறிந்தவர். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். வளர்ப்பு யானைமீது அமர்ந்து காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். யானை முதுகில் இருக்கும் ஆளை மற்ற விலங்குகள் அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை. 1950 முதல் 1996-ல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கையைப் பற்றியும் எழுதினார்.

ஆகவே, காட்டுக்குக் கிளம்புமுன் இப்படிக் காதுகொடுத்துக் கேட்க வீட்டிலேயே பழகிக்கொள்ளலாம். கொல்லை மரத்தில் அணில் வாலை உதறிக்கொண்டு விடாமல் கீச்சிட்டால், அணிலைப் பார்க்காதீர்கள். அது பார்க்கும் திசையில் பூனை எங்கே என்று தேடுங்கள். கண்டுபிடித்துவிட்டீர்களானால், முதுமலைக்கு டிக்கெட் எடுக்கலாம்.