நியூட்ரலும் லைவ்தான்

லைவ் எனப்படும் சிவப்புக் கம்பி ஆபத்தானது, நியூட்ரல் எனப்படும் கறுப்புக் கம்பி சாதுவானது என்று நம் கல்முனைப் பக்கத்திலே சர்வசாதாரணமாகச் சொல்லுவார்கள். ஆனால், 1882 இல் லண்டனில் முதன்முதலாகப் பிரசுரமாகி, பல பதிப்புக்களைக் கண்டு, இன்று பி.எஸ். 7671 என்ற பெயரில் இலங்கையிலும் அனுசரிக்கப்படுகின்ற வயரிங் விதிநூல், ‘லைவ்’ என்ற பதத்துக்குக் கொடுக்கும் வியாக்கியானத்தில் நியூட்ரலையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

காரணம் உண்டு. உப்புக்காற்றில் களிம்பேறி, மெயின் சுவிட்சுக்கு அருகே நியூட்ரல் இணைப்பு விட்டுப்போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்; பல்பு அணைந்துவிடும், ஆனால் அதன் சுவிட்சு போட்டபடியே இருக்குமாயின், 230 வோல்ட்டும் பல்பின் இழை வழியாகவே இறங்கி, விட்டுப்போன இடம் வரையில் அந்தக் கறுப்புக் கம்பியிலே நிற்கும். கரண்ட் இல்லையே என்று தொடுகிறவருக்குப் பிராணாபாயம்!

நிறங்களோ இன்னும் பொல்லாதவை. பழைய மூன்று பேஸ் முறையில் நீலம் ஒரு பேஸ், கறுப்பு நியூட்ரல். பிரித்தானியாவில் 2004 இல் அனுமதிக்கப்பட்டு, 2006 இல் கட்டாயமான முறையிலோ நீலம் நியூட்ரல், கறுப்பு ஒரு பேஸ். சுனாமிக்குப் பின் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் பழைய சுவரோடு புதுச் சுவர் சேர்த்து எழுப்பிய கட்டடங்களில், இவ்விரண்டு முறையும் ஒரே பெட்டிக்குள் சந்தித்திருக்கக்கூடும். ஆகையால் வயர்மேன் நிறத்தை நம்பாமல், மீட்டர் வைத்துப் பார்த்த பின்பே கை வைக்கவேண்டும். வீட்டு மெயின் சுவிட்சு இரண்டு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கவேண்டுமென்று விதிநூல் வற்புறுத்துவதும் நியூட்ரலை லைவ் என்று கருதுவதனாலேதான்.