சர்வர் படுத்துக்கிச்சு

(திட்டக்குடியில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே அப்படியே விடப்பட்டுள்ளது.)

கவிதை பத்திப் பேசத்தான் கூப்பிட்டாங்க. கவிதை இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். இன்னிக்கு நம்ம ஜனங்க வாயில தினமும் புழங்குற ரெண்டு வார்த்தையைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன்: 'சர்வர் இல்ல'.

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்ட்ரைக் என்கிற அமெரிக்கக் கம்பெனி, கம்ப்யூட்டரைக் காவல் காக்கிற தன் மென்பொருளுக்கு ஒரு திருத்தம் அனுப்பியது. திருத்தத்திலேயே பிழை. மைக்ரோசாப்ட் சொன்ன கணக்குப்படி உலகம் பூராவும் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றுபோயின. விமானங்கள் கிளம்பவில்லை. இங்கிலாந்தில் டாக்டர்களால் நோயாளியின் குறிப்பைத் திறக்க முடியவில்லை. நம்ம நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டைப் படம் பிடித்துப் போட்டு ஊரே அதிசயித்தது. கையால் எழுதுவது அவர்களுக்கு அதிசயம்! இந்தியாவில் பத்து வங்கி, நிதி நிறுவனங்களில் மட்டும் சின்னத் தடங்கல், பயப்பட ஒன்றுமில்லை என்று ரிசர்வ் வங்கி உடனே அறிவித்தது.

பன்னிரண்டு நாள் கழித்து, ஜூலை 31-ல் நடந்ததை எத்தனை பேர் கேள்விப்பட்டீர்கள்? சி-எட்ஜ் என்ற கம்பெனி, சின்னச் சின்ன வங்கிகளுக்குக் கம்ப்யூட்டர் சேவை தருவது. டாடாவின் டி.சி.எஸ்ஸும் ஸ்டேட் வங்கியும் சேர்ந்து உண்டாக்கியது. கோப்புகளைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கிற ரான்சம்வேர் தாக்குதல் அங்கே நடந்தது. நோய் பரவக்கூடாதென்று தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம் சி-எட்ஜின் இணைப்பைத் துண்டித்தது. கிட்டத்தட்ட 300 வங்கிகளின் ஏடிஎம், யுபிஐ எல்லாம் நின்றன. எல்லாம் கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள். மறுநாள் சரியானது. நாட்டின் மொத்தப் பரிவர்த்தனையில் இது அரை சதவீதம்தான் என்று செய்தி போட்டார்கள்.

அந்த அரை சதவீதம் யாரு? கூட்டுறவு வங்கியில, கிராம வங்கியில யாரு கணக்கு வெச்சிருக்கா? பால் ஊத்துற பொம்பள, குழுக் கடன் கட்டுறவங்க, நகையை வெச்சு விதை வாங்குறவன். பணத்தை எண்ணினா அரை சதவீதம். ஆளை எண்ணிப் பார்த்தா எவ்வளவு வரும்? அந்தக் கணக்கை எவனும் போடலை.

விமானம் நின்ற அன்றைக்கு அவர்களுக்கு வந்த தவிப்பு நம்ம காலனிக்குப் புதுசா? ரேஷன் கடையில் 2020-ல் கைரேகை வந்தது. கரும்பு வெட்டின கை, செங்கல் அறுத்த கை, முந்திரி உடைச்ச கை. ரேகை எங்கே இருக்கும்? உழைச்ச உழைப்பில் தேய்ஞ்சு போச்சு. 'ஆயா, இன்னொரு விரல வை'ங்கறான். பத்து விரலும் வெச்சாச்சு. அப்புறம் சர்வர் இல்லைங்கறான். நூறு நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் செல்போன் செயலியில் வருகைப் பதிவைக் கட்டாயமாக்கினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுக்கணும். சிக்னல் இல்லாமல் படம் ஏறவில்லையென்றால் வெட்டிய மண் வெட்டினதுதான், கூலி இல்லை. ஜாதிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் பிள்ளைகள் காத்துக் கிடக்குது. சர்வர் நாளைக்கு வரும், காலேஜ் கடைசித் தேதி இன்னிக்கு முடியும்.

இதுக்கு உயிரே போயிருக்கு. ஜார்கண்ட் மாநிலம் சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் பதினோரு வயதுப் பெண் குழந்தை செத்துப்போனது. ஆதார் இணைக்கவில்லையென்று அந்தக் குடும்பத்தின் ரேஷன் அட்டையை ரத்து செய்திருந்தார்கள். பசியில் செத்தாள் என்றாள் தாய். மலேரியா என்றார்கள் அதிகாரிகள்.

அதனால கம்ப்யூட்டரே வேண்டாம், பழைய நோட்டே போதும்னு சில தோழர்கள் சொல்றாங்க. எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய நோட்டு யார்கிட்ட இருந்தது? பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை எம்.ஜி.ஆர். ஆட்சி ஒழித்ததே 1980 நவம்பரில்தான். அதுவரை நம்ம நிலத்துக் கணக்கு எந்தத் தெருத் திண்ணையில் இருந்தது? நம்ம தாத்தன் அந்தத் திண்ணையில் ஏற முடிஞ்சதா? கம்ப்யூட்டர் 'நீ எந்தத் தெரு'ன்னு கேட்காது. அந்த மட்டில் எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் அதற்குள் ஏற்றியது அதே திண்ணைக் கணக்கைத்தான். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892-ல் பஞ்சமி நிலத்துக்கு ஆணை வந்தது. பிற சாதியாருக்குக் கைமாற்றக் கூடாதென்ற நிபந்தனையோடு கொடுத்த நிலம். அதில் எத்தனையோ நிலம் வேறு ஆள் பேருக்குப் பட்டா மாறி, அந்தப் பேரே இன்று தமிழ்நிலம் இணையதளத்திலும் நிற்கிறது. சர்வர் நல்லா ஓடுற நாளிலும் அங்கே நமக்குக் கிடைப்பது பொய்க் கணக்கு.

சரி, சர்வர் படுத்துக்கிச்சுன்னா என்ன செய்யறது? கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறவனாகச் சொல்கிறேன். 'சர்வர் இல்ல' என்ற வார்த்தை உள்ளே இருப்பவனுக்கு ரொம்ப சௌகரியம். மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்க மாட்டாங்க. நீங்க கேளுங்க. சிம்டேகா சாவுக்குப் பிறகு 2017 அக்டோபர் 24-ல் மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்கு எழுதியது: ஆதார் இல்லை, ரேகை விழவில்லை, இணைப்பு இல்லை என்று தானியத்தை மறுக்கக் கூடாது, விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். 'அந்த நோட்டை எடுங்க சார்'னு கேளுங்க. நோட்டே இல்லைன்னா அதை எழுத்தில் தரச் சொல்லி மனு கொடுங்க. தனியாப் போகாதீங்க, நாலு பேரா போங்க.

வங்கி விஷயம் ஒன்று. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20-ல் போட்ட சுற்றறிக்கை. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்துவிட்டால், அதற்கடுத்த ஐந்து நாளுக்குள் திருப்பி வரவு வைக்கணும். தவறினால் அதற்குமேல் ஒவ்வொரு நாளைக்கும் நூறு ரூபாய் நஷ்டஈடு. கைரேகை வைத்து எடுக்கிற ஆதார் பரிவர்த்தனை தொங்கிப்போனாலும் இதே மாதிரிதான். நீங்க மனு போடாமலே வங்கி தானா வரவு வைக்கணும்னு அதிலேயே இருக்கு. பாஸ்புக்கைப் பதிஞ்சு பாருங்க. அந்த நூறு ரூபா ஏறியிருக்கான்னு பாருங்க. ஏறலைன்னா தேதி, நேரம், மிஷின் இருக்கிற இடம் மூணையும் எழுதி எடுத்துக்கிட்டு வாங்க. மிஷின்ல வர்ற துண்டுச் சீட்டை அங்கேயே கிழிச்சுப் போட்டுட்டு வராதீங்க.