திருத்தும் சுமை குறையட்டும்

(கூத்தாநல்லூரில் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை)



2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில், வளரறி மதிப்பீட்டின் ஒரு பகுதி டி.என்.எஸ்.இ.டி. ஸ்கூல்ஸ் செயலியில் நடந்தது. பிள்ளை சரியான விடையைத் தொட்டால் போதும் என்று இருந்தது. மதிப்பெண்ணைச் செயலியே போட்டுவிட்டது. அந்த அளவுக்கு ஆசிரியருக்குத் திருத்தும் வேலை மிச்சமானது.

ஆனால் பிள்ளை 'ழ' சரியாகச் சொல்கிறதா, கடன் வாங்கிக் கழிக்கும்போது எங்கே தடுமாறுகிறது என்பதை ஆசிரியர்தான் கூட உட்கார்ந்து கவனிக்கணும். மிச்சமாகிற நேரம் அதுக்குத்தான் போகணும்.

நம்ம ஊரில் அத்தாவோ அப்பாவோ வெளிநாட்டில் இருக்கிற வீடுகள் நிறைய. வீடியோ காலில் மார்க்கைக் கேட்ட கையோடு, "ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டு, நோட்டைக் காட்டு"ன்னும் கேளுங்க. பிள்ளை திக்குகிற இடத்தை ஆசிரியரிடம் சொல்லுங்க. அவருக்கு அது பெரிய உதவி.