சித்தாண்டிப் பந்தலும் நமது நிறைக் கொப்பியும்

(மட்டக்களப்பு வாவிக்கரையில் நடந்த தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவிமார் சந்திப்பில் நமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



மூலோபாயம், தந்திரோபாயம் என்ற பெரிய சொற்களெல்லாம் நமக்கு எதற்கு என்று நேற்று ஓர் அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான். போய்ச் சேரவேண்டிய இடம் மூலோபாயம். அங்கு போக இன்றைக்கு எடுக்கும் வழி தந்திரோபாயம். அவ்வளவுதான்.

இந்த வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் பெரும்போக விதைப்பு தொடங்கினால் மாடுகளை வயலோரம் வைத்திருக்க முடியாது. மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போகவேண்டும். மகாவலி அதிகாரசபையின் கீழுள்ள அந்தக் காணியில் வெளி மாவட்டத்தார் புகுந்து பயிர் செய்ததால்தான் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள்.

நாம் கொழுந்தெடுப்பதை நிறுத்தினால் கொழுந்து முற்றும், கம்பெனிக்கு வலிக்கும். பண்ணையாளர் கறவையை நிறுத்தினால் நட்டம் அவருக்கே. வேலைநிறுத்தம் என்ற ஆயுதமே அவர்களிடம் இல்லை. அதனால் கறவையையும் பார்த்துக்கொண்டு முறைவைத்து உட்கார்ந்தார்கள். ஒக்டோபரில் ஜனாதிபதி மட்டக்களப்புக்கு வந்தபோது வீதியில் இறங்கினார்கள். ஒரு வருடம் தாண்டியும் போராட்டம் நீண்டது. வழிகள் மாறின. அத்துமீறியவர்களை வெளியேற்று, மேய்ச்சல் தரையை வர்த்தமானியில் அறிவி என்ற கோரிக்கை மாறவில்லை.

இனி நமது கதை. 2018 ஒக்டோபர் 24 அன்று நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் கறுப்பு உடுத்திக் காலிமுகத்திடலில் நின்றார்கள். கேட்டது அடிப்படைச் சம்பளம் 1000 ரூபாய். 2019 ஜனவரிக் கூட்டொப்பந்தம் 700 ரூபாய்தான் தந்தது. 2021இல் சம்பள நிர்ணய சபை மூலம் 1000 ரூபாய் வர்த்தமானியில் வந்தது. பட்டாசு கொளுத்தினோம். பிறகு? கூட்டொப்பந்தம் கைவிட்டுப் போனது. பல தோட்டங்களில் கிலோ கூடியது, வேலைநாள் குறைந்தது. ஒரு கையால் தந்ததை மறுகையால் எடுத்தார்கள்.

பிள்ளைகள் செய்தது பிழையில்லை. அந்தக் கூட்டம் இல்லாவிட்டால் 1000 என்ற எண்ணே கொழும்பின் காதில் ஏறியிருக்காது. பிழை சங்கங்களான நம்முடையது. எண்ணையே போய்ச் சேரும் இடமென்று நினைத்துவிட்டோம். நாளுக்கு எத்தனை கிலோ, மாதத்துக்கு எத்தனை நாள், அதை யார் தீர்மானிப்பது என்பதை யாரிடமும் அழுத்திக் கேட்கவில்லை.

ஆகவே அடுத்த கூட்டத்துக்குக் கொடி கொண்டுவர வேண்டாம். ஒவ்வொரு தோட்டத்திலிருந்தும் மூன்று மாத நிறைக் கொப்பியும் சம்பளத் துண்டும் கொண்டுவாருங்கள். எந்த மாதம் கிலோ கூடியது, எந்த மாதம் நாள் குறைந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். துரையிடம் என்ன கேட்பது என்பதை அதன்பிறகு பேசுவோம்.